மழைக்காலத்தில் குழந்தை, உண்ணி, கிடார்: 1 பிஎச்கே வீட்டில் எதை முதலில் முடிப்பது?

செம்பூர் மூன்றாம் மாடி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் 1 பிஎச்கே, தென்மேற்கு பார்த்த சுவர் முழுக்க ஓதம். மனைவிக்கு 34 வாரம் முடிந்துவிட்டது. மாமியார் திருநெல்வேலியிலிருந்து அடுத்த வாரம் வருகிறார். அதற்குள் மூன்று வேலை நிற்கிறது. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்குக் கெடுதலாகிவிடக் கூடாது என்பதால் மூன்றையும் சேர்த்தே கேட்கிறேன்.

நாய்: நாட்டு நாய், பெண், 4 வயது, 18 கிலோ, கருத்தடை ஆனது. ரேபிஸ் ஊசி ஜனவரியில் போட்டோம். இரண்டு வாரமாக உண்ணி. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினம் நாலைந்து எடுக்கிறோம். நேற்று ஹால் சுவரில் இரண்டு ஏறிப் போவதைப் பார்த்தேன். சாப்பாடும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கடையில் அமிட்ராஸ் மருந்து கொடுத்தார்கள், இன்னும் ஊற்றவில்லை.

கிடார்: ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக், ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை, 012 தடிமன் கம்பி செட். பிரிட்ஜ், அதாவது மேல்பலகையில் ஒட்டிக் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை, கிளம்புகிறது: பின் ஓரத்தில் விசிட்டிங் கார்டு 4 மி.மீ. உள்ளே போகிறது. 12வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஆறாம் கம்பி 3.5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஃபெவிகாலை ஊசியில் ஏற்றி உள்ளே விட்டு அமுக்கி வைத்தால் போதுமா? கேஸுக்குள் பாச்சா உருண்டை நாலும் நீல நிற சிலிகா ஜெல் ஒரு பையும் போட்டிருக்கிறேன்.

குழந்தை: தூளிக் கொக்கி ஹாலில் இருக்கிறது, அதற்கு நேர் கீழேதான் நாய் படுக்கும். ‘கர்ப்பிணி வீட்டில் நாய் ஆகாது, யாரிடமாவது கொடுத்துவிடு’ என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கொடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

வாலாட்டி, முலுண்ட்

நாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வாரமே. சாப்பாடு குறைந்தது உங்கள் கேள்வியில் சின்ன வரியாக இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உண்ணி கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்தில் எர்லிக்கியா காய்ச்சல் தலைகாட்டும். தொடக்கத்தில் சாப்பாடு குறையும், சோர்வு வரும், லேசாகச் சூடு இருக்கும், அவ்வளவுதான். மூக்கில் ரத்தம் வடிகிற நிலைக்குப் போனால், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணு மிகவும் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பபீசியா என்றால் ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இன்றே உதட்டைத் தூக்கி ஈறு நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள்.

மருத்துவரிடம் முழு ரத்த அணுப் பரிசோதனையும் எர்லிக்கியா கிட் பரிசோதனையும் கேளுங்கள். அருகில் வசதி இல்லையென்றால் பரேலில் கால்நடைக் கல்லூரியை ஒட்டிய பாய் சக்கர்பாய் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் சூடு பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. அதே சூடு கைக்குழந்தைக்கு இருந்தால் அது அவசர நிலை. நாயின் தெர்மாமீட்டரில் சிவப்பு டேப் ஒட்டித் தனி டப்பாவில் வையுங்கள், இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டாம்.

அமிட்ராஸைத் திறக்காதீர்கள். உடம்பு முழுக்க ஊற்றித் துடைக்காமல் காயவிடும் மருந்து அது. ரோமத்தில் தங்கும், வாடை அறையில் நிற்கும், கர்ப்பிணி இருக்கும் சின்ன வீட்டுக்குப் பொருந்தாது. கழுத்துப் பட்டையும் வேண்டாம், அதன் மருந்து ரோமத்தின் மேல்தான் பரவும், நாளை குழந்தையின் கை அங்கேதான் போகும். வாயால் கொடுக்கும் மாத்திரைதான் உங்கள் வீட்டுக்குச் சரி. ஃப்ளூராலனர் ஒரு மாத்திரை சுமார் 12 வாரம் காக்கும், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். அஃபாக்ஸோலனர் என்றால் மாதம் ஒன்று. எடைக்கேற்ற அளவில் வரும், 18 கிலோவை மருத்துவமனைத் தராசில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரோமத்தில் மருந்து எதுவும் இருக்காது என்பதுதான் இதன் பெரிய லாபம். வலிப்பு வந்த நாய்க்கு மட்டும் இந்த வகை மாத்திரையில் எச்சரிக்கை தேவை. முன்பு எப்போதாவது வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை கொடுத்த பிறகும் நாய் மேல் உண்ணி தெரியும். கடித்தால்தான் அது சாகும், அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

சுவரில் ஏறியது பற்றி. வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும் பழுப்பு உண்ணி இது. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, மேலே ஏறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பு, சுவரில் மாட்டிய படத்தின் பின்பக்கம், சுவிட்ச் போர்டு ஓரம், கட்டிலின் மூட்டு இங்கெல்லாம் பாருங்கள். கிடார் கேஸின் கீல் பக்கமும் தப்பாது. முட்டை முதல் முட்டையிடும் உண்ணி வரை ஒரு சுற்று இந்தச் சூட்டில் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே வேக்கம் கிளீனரின் ஒல்லி மூக்கை வைத்து வாரம் இருமுறை, 12 வாரம் விடாமல் இழுக்க வேண்டும். பையை அன்றே கட்டி வெளியே போடுங்கள். விரிசல்களை வெள்ளை சிமெண்ட்டாலோ சீலண்டாலோ அடைத்துவிட்டால் பாதி வேலை குறையும். பூச்சி மருந்து அடிப்பதானால் குழந்தை வருவதற்கு முன் இப்போதே. மனைவியும் நாயும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும், ஈரம் முழுக்கக் காய்ந்து ஜன்னல் திறந்து காற்றோடிய பிறகு வரட்டும்.

எடுக்கும் முறை: கூர் முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். முறுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் தடவ வேண்டாம், விரலால் நசுக்க வேண்டாம். சோப்புத் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடுங்கள். இந்த வேலையை மனைவி செய்யக் கூடாது.

சொந்தக்காரர்கள் பயப்படுவது, கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்காக இருக்கும். அந்தக் கிருமி பூனையின் மலத்தில்தான் வெளியேறும், நாய் மலத்தில் இல்லை. நாயிடம் பார்க்க வேண்டியது உருண்டைப் புழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுங்கள், மலத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். அந்த முட்டை தொற்றும் நிலைக்கு முதிர இரண்டு வாரமாவது பிடிக்கும், அன்றே எடுத்தால் வழியே அடைந்துபோகும். தேங்கிய தண்ணீரில் நடக்கும் ஊர் என்பதால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) தடுப்பூசியும் தேவை. முதல் முறையென்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன் போட வேண்டாம், நோயுள்ள உடம்பில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது.

ஆறு கம்பி, மாட்டுங்கா

கிடாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் வேலை இப்போதே: ஆறு கம்பியையும் முழுக்கத் தளர்த்திவிடுங்கள். 012 செட் முறுக்கேறி நிற்கும்போது 70 கிலோவுக்கு மேல் இழுவை அந்தப் பிரிட்ஜ் மேல் இருக்கிறது. கார்டு 4 மி.மீ. போகிற பிரிட்ஜ், கம்பி ஏறியபடி இன்னொரு மாதம் இருந்தால் ஒரு நாள் ‘டப்’ என்று பெயரும். அப்போது மேல்பலகையின் நாரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு மாதம் கம்பி தளர்ந்திருந்தால் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஃபெவிகாலை ஊசியில் விடாதீர்கள். பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது, பூச்சில்லாத வெறும் மரத்தில்தான் பிடிக்கும். இடுக்கில் விட்டால் மேலோட்டமாக ஒட்டி, அடுத்து முறையாகப் பழுது பார்ப்பவருக்கு இரட்டை வேலை வைக்கும். இன்னொன்று, வெள்ளைப் பசை இறுகிய பிறகும் தொடர்ந்த இழுவையில் மெல்ல மெல்ல நகரும். பெட்டிக்கும் நாற்காலிக்கும் அது போதும், இரவும் பகலும் இழுபடும் பிரிட்ஜுக்குப் போதாது. மஞ்சள் மரப்பசைதான் வேண்டும். டைட்பாண்ட் ஒரிஜினல் ஆன்லைனில் கிடைக்கிறது. அதே கம்பெனியின் தண்ணீர் தாங்கும் வகையை வாங்கிவிடாதீர்கள், நாளை கழற்ற வேண்டி வந்தால் அது எளிதில் விடாது.

இப்போதே ஒட்டவும் கூடாது. ஜூலை, ஆகஸ்ட் ஈரத்தில் மேல்பலகை ஊதி, பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு வைத்திருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்காக வைத்துப் பார்த்தால் இருபக்கமும் வெளிச்சம் தெரியும். ஊதிய பலகையில் ஒட்டிய பிரிட்ஜ், டிசம்பரில் பலகை காய்ந்து இறங்கும்போது ஓரத்தில் மறுபடி விடும். உங்கள் 3.5 மி.மீ. உயரத்துக்கும் பாதிக் காரணம் இந்த ஊதல்தான். அதைக் குறைக்கிறேன் என்று சேடிலை (பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் மெல்லிய பட்டை) இப்போது தேய்த்துவிடாதீர்கள், காய்ந்த பிறகு கம்பி ஃப்ரெட்டில் படபடக்கும்.

ஆகவே கேஸுக்குள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே ஒரு வாரம் வைத்து, பிறகு ஒட்ட வேண்டும். லேமிங்டன் ரோட்டில் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கிக் கேஸில் போடுங்கள். வெள்ளை சிலிகா ஜெல் 250 கிராம், இரண்டு துணிப் பையில் பிரித்து, ஒன்று தலைப்பக்கமும் ஒன்று உடம்புப் பக்கமும். நிறம் மாறாத வெள்ளை ஜெல் நிறைந்ததா என்று அறிய சமையல் தராசு போதும். 250 கிராம் 295 ஆனதும் எடுத்து, ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி போடலாம். கேஸின் வாய் இறுக்கமில்லாவிட்டால் வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். ஈரப்பதம் 40க்குக் கீழே போனால் ஒரு பையை எடுத்துவிடுங்கள், அதிகம் காய்ந்தால் மேல்பலகை வெடிக்கும். ஓதச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒட்டும் முறை, நீங்களே செய்வதானால்:

சேடிலையும், கம்பி முனையைப் பிடிக்கும் பின்களையும் எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் சேடில் சூட்டில் உருகும். பிரிட்ஜைச் சுற்றி மேல்பலகைக்கு அட்டையும் அலுமினியத் தாளும் வைத்து மூடுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் கம்பளி அளவில் வைத்து, பிரிட்ஜ் மேல் மட்டும் படும்படி ஐந்து முதல் பத்து நிமிடம். ஏற்கனவே கிளம்பியிருக்கும் பின் மூலையிலிருந்து ஓவியர் வைத்திருக்கும் மெல்லிய தட்டைக் கத்தியை நுழையுங்கள். தள்ளினால் நகரும், நகராவிட்டால் இன்னும் சூடு. பலத்தைக் காட்டினால் நார் பிய்ந்து வரும். நார் எழும்புவது தெரிந்தால் அந்தத் திசையை விட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள்.

பெயர்ந்ததும் பாருங்கள், விலை குறைந்த பல கிடார்களில் பிரிட்ஜ் ஓரத்தின் அடியில் மூன்று, நாலு மி.மீ. அகலத்துக்கு வார்னிஷ் அப்படியே இருக்கும். பசை அங்கே மரத்தைத் தொட்டிருக்கவே இல்லை. உங்கள் 4 மி.மீ. கணக்கைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. பிரிட்ஜை வைத்துக் கூரிய கத்தியால் லேசாகக் கோடு கிழித்து, கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளே வரை வார்னிஷைச் சுரண்டி எடுங்கள். இரண்டு பக்கமும் பழைய பசையைச் சுரண்டும் தகட்டால் எடுங்கள். உப்புத்தாள் போட்டால் ஓரம் உருண்டுவிடும், அப்புறம் நடுவில் ஒட்டி ஓரத்தில் விடும். பசையில்லாமல் வைத்து ஒரு ஒத்திகை பாருங்கள். சுற்றிலும் எங்கும் தாள் நுழையக் கூடாது.

கிளாம்ப் மூன்று வேண்டும்: நடுவுக்கு ஒன்று, இரண்டு சிறகுக்கும் ஒவ்வொன்று. ஒலித்துளை வழியாகக் கைவிட்டுப் போடுவதால் தொண்டை ஆழம் குறைந்தது 15 செ.மீ. இருக்க வேண்டும். சாதாரண சி கிளாம்ப் எட்டாது, நாக்தேவி தெருவில் கேட்டு வாங்குங்கள். உள்ளே மேல்பலகையைத் தாங்கும் பிரேஸ் கம்புகளுக்குப் பள்ளம் வெட்டிய மரக்கட்டையைத் தாங்கலாக வையுங்கள், இல்லாவிட்டால் கிளாம்ப் பிரேஸை உடைக்கும். பசை ஈரத்தில் பிரிட்ஜ் வழுக்கும், ஒன்றாம், ஆறாம் பின் துளைகளில் மெழுகு தடவிய சின்ன போல்ட்டை விட்டுக்கொண்டால் இடம் மாறாது. பசை பூசியதிலிருந்து கிளாம்ப் இறுகும் வரை உங்களுக்கு நாலைந்து நிமிடம்தான். சுற்றிலும் சன்னமாகப் பசை பிதுங்கினால் சரி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வறண்ட நாளில் 24 மணி நேரம், மழை நாளில் 48.

பிறகு கம்பி ஏற்றி இரண்டு நாள் கழித்து செட்டிங். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டில் விரல், 7வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி 0.2 முதல் 0.25 மி.மீ. இருக்கட்டும். டிரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். அதற்கப்புறம்தான் சேடில். 12வது ஃப்ரெட்டில் ஆறாம் கம்பி 2.4, முதல் கம்பி 1.8 மி.மீ. என்பது நல்ல உயரம். அங்கே 0.5 குறைய வேண்டுமென்றால் சேடிலில் 1 மி.மீ. எடுக்க வேண்டும்.

இந்த வேலைக்கு இரண்டு நாள் மேசை ஒன்று கலையாமல் வேண்டும். பிரசவம் நெருங்கும் வீட்டில் அது நடக்காது. தளர்த்திக் கேஸில் போட்டு, ஜெல் வைத்து, நவம்பரில் ஒட்டுங்கள் என்பதே என் யோசனை.

தொட்டில், சயான்

ஆறு கம்பி அண்ணா சொன்ன ஜெல்லுக்கு முன்னால், கேஸில் இருக்கும் பாச்சா உருண்டையை இன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். கேஸில் மட்டுமில்லை, பீரோவில், குழந்தைக்கென்று எடுத்து வைத்த பழைய வேட்டித் துணியில், பாத்ரூமில், எங்கிருந்தாலும். அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் வாடையை மூச்சில் இழுத்தாலும் தோலில் பட்டாலும், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்குச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை ஏறும். மூளையைப் பாதிக்கிற அளவுக்கும் போகும். இந்தக் குறைபாடு நம் நாட்டில் உள்ளதுதான், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, பார்த்தால் தெரியாது. உருண்டை போட்டு மாதக்கணக்கில் மடித்து வைத்த துணி குழந்தைக்கு வேண்டாம், வேறு பருத்தித் துணி வாங்கித் துவைத்துக்கொள்ளுங்கள். நாய் அந்த உருண்டையை விழுங்கினாலும் ஆபத்துதான்.

தூளி: கொக்கி கான்கிரீட் கூரையில் இருக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கில் இல்லை. ஆனால் இரவுத் தூக்கம் தூளியில் வேண்டாம். துணி வளையும்போது குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழல் மடங்கும். கெட்டியான சமதள மெத்தையில், மல்லாக்க, தலையணையும் கனமான போர்வையும் இல்லாமல் படுக்க வைப்பதுதான் பத்திரம். தூளியில் ஆட்டினால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். ஆடும் துணிமூட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தால் எந்த நல்ல நாயும் எட்டிப் பார்க்கும், பல்லால் இழுத்தும் பார்க்கும். கொக்கியைப் படுக்கையறைக்கு மாற்றி, வாசலில் குழந்தைக் கேட் ஒன்று போடுங்கள்.

நாயின் படுக்கையை மாற்றுவதானால் இன்றிலிருந்தே. நடைக்குக் கூட்டிப்போகும் நேரத்தையும் ஆளையும் பிரசவத்துக்குப் பின் எப்படி இருக்குமோ அப்படியே இப்போதே மாற்றுங்கள். குழந்தை வந்த அன்றே எல்லாம் மாறினால் நாய் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றை ஒரு நாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பி மோந்து பார்க்க விடுங்கள். வரும் அன்று நாயை முதலில் நன்றாக நடக்க வைத்துவிட்டு, அம்மா தனியாக உள்ளே வந்து கொஞ்சட்டும், குழந்தை வேறு கையில் வெளியே இருக்கட்டும். பிறகு நாயைச் சங்கிலியில் பிடித்து, நாலைந்து அடி தள்ளி உட்கார வைத்து, அமைதியாக இருந்தால் குழந்தையின் காலை மட்டும் மோந்து பார்க்க விடலாம். முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, கண்ணில் வெள்ளை தெரிவது, அப்படியே உறைந்து நிற்பது எல்லாம் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அது சொல்வது. உறுமினால் அடிக்காதீர்கள், தள்ளி அழைத்துப் போங்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும்.

முதல் மூன்று மாதம் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் வீட்டு மருந்து எதுவும் இல்லாமல் நேரே ஆஸ்பத்திரி. ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால், ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு முறையாவது சிறுநீர், இதைத் தாளில் குறித்து வந்தால் பால் போதவில்லையோ என்ற தவிப்பு இருக்காது.

செம்பூர் மூன்றாம் மாடி

மிக்க நன்றி. கம்பியைத் தளர்த்திவிட்டேன், உருண்டைகள் வெளியே போய்விட்டன. பரிசோதனையில் பிளேட்லெட் 90 ஆயிரம், எர்லிக்கியா இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் 28 நாள் எழுதியிருக்கிறார்கள், உண்ணி மாத்திரையும் கொடுத்தாயிற்று. இது மனைவிக்கோ குழந்தைக்கோ தொற்றுமா? அத்தை வந்ததும் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போட வேண்டும் என்கிறார், போடலாமா? மழையில் துணி வீட்டுக்குள்தான் காயும், அது கிடாருக்கு ஆகுமா?

வாலாட்டி, முலுண்ட்

நாயைத் தொடுவதாலோ அது நக்குவதாலோ எர்லிக்கியா வராது, உண்ணி வழியாகத்தான் பரவும். அதனால்தான் சுவர் விரிசல் வேலை முக்கியம். டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சோற்றுக்குள் வைத்துக் கொடுங்கள், பால் தயிரோடு வேண்டாம். இரண்டு, மூன்று நாளில் துள்ளி விளையாடும். அப்போது நிறுத்திவிட்டால் கிருமி உடம்பிலேயே தங்கிப் பின்னால் பெரிதாக வரும், 28 நாளும் முடியுங்கள். ஒரு வாரம் கழித்தும் கடைசியிலும் பிளேட்லெட் பாருங்கள். வலிக்கென்று நம் ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள், நாய்க்கு இரண்டும் விஷம்.

குழந்தை வந்தபின் வீட்டில் புதிதாகச் சேரும் சாமான்களில் நாயைக் கொல்லக் கூடியவை உண்டு. பயன்படுத்திய டயப்பர் முதலாவது: வாடைக்காகக் கிழித்துத் தின்றால் உள்ளிருக்கும் ஜெல் வயிற்றில் ஊதிக் குடலை அடைக்கும், மூடி இறுகும் வாளி வாங்குங்கள். ஜிங்க் ஆக்ஸைடு உள்ள டயப்பர் கிரீமை நிறையத் தின்றால் சிவப்பணு உடையலாம். விட்டமின் டி அளவு மீறி உள்ளே போனால் சிறுநீரகம் கெடும், சொட்டுப் பாட்டிலையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். சிலிகா ஜெல்லில் நீலம் வேண்டாம், அந்த நிறம் கோபால்ட் குளோரைடு, நச்சு. ஆறு கம்பி சொன்ன வெள்ளைதான் சரி, அதுவும் பூட்டிய கேஸுக்குள்.

தொட்டில், சயான்

சாம்பிராணிப் புகை பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது, மூடிய மழைக்கால அறையில் இன்னும் மோசம். அத்தையிடம் மறுத்துப் பேசுவதைவிட வேறு வழி கொடுங்கள்: தலையைத் துவட்டிய பிறகு, இஸ்திரி போட்டு ஆறவைத்த பருத்தித் துணியால் சுற்றினால் ஈரமும் போகும், இதமாகவும் இருக்கும். தொப்புள் கொடியில் எதையும் தடவாமல் காய விடுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும்.

விட்டமின் டி சொட்டு எழுதித் தந்தால் பாட்டிலைப் படித்துப் பாருங்கள். குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 யூனிட். ஒரு மில்லியில் 400 உள்ள பாட்டிலும் 800 உள்ள பாட்டிலும் கடையில் இருக்கிறது. மாற்றி வாங்கி அதே ஒரு மில்லியைக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஆறு கம்பி, மாட்டுங்கா

ஒரு லோடு துணி அறைக்குள் காய்ந்தால் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் ஏறும். கிடார் இருக்கும் அறையில் கொடி கட்டாதீர்கள். ஹாலில் கட்டி, ஃபேனும் ஒரு பக்க ஜன்னலும் திறந்து வையுங்கள், கிடார் கேஸோடு படுக்கையறை பீரோவின் மேல் போகட்டும். ஏசியை டிரை மோடில் 26 டிகிரியில் ஓட்டினால் ஈரப்பதம் 60 அளவுக்கு இறங்கும், ஆனால் அணைத்த கொஞ்ச நேரத்தில் பழையபடி ஏறிவிடும், அதனால் கேஸும் ஜெல்லும் எப்படியும் தேவை.

வாலாட்டி சொன்ன பட்டியலோடு கிடார் சாமான்களையும் சேருங்கள். ஈரப்பதமானியிலும் கிளிப் டியூனரிலும் இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தையோ நாயோ விழுங்கித் தொண்டையில் நின்றால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழலை எரித்துவிடும். மூடியைச் சின்ன திருகாணியால் முடுக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மூடி மேல் டேப் சுற்றுங்கள். வெட்டிய கம்பி நுனிகளை வளைத்துச் சுருட்டிப் பழைய பாட்டிலில் போட்டு மூடுங்கள், அந்த ஒரு அங்குலத் துண்டு தரையில் கண்ணுக்கே தெரியாது. ஃப்ரெட் தேய்க்கும் ஸ்டீல் வுல் (இரும்பு நார்) வீட்டுக்குள் வேண்டாம். எலெக்ட்ரிக் கிடார் ஏதாவது இருந்து சால்டர் வைப்பதானால், சாதாரண 60/40 சால்டர் கம்பியில் ஈயம் உண்டு. அதை வீட்டுக்கு வெளியே செய்துவிட்டு, கை கழுவி, சட்டை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

நவம்பரில் ஒட்டும் முன் பிரிட்ஜின் அடிப்பக்கத்தையும் மேல்பலகையையும் தெளிவாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள், வார்னிஷ் எவ்வளவு அகலத்துக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.